நடிகன் கழுத்தில் மாமாவின் பெயர்

ஏரிக்கரை முகாம்
ஜூன் 18, 1935

அன்புள்ள செசிலியா அக்காவுக்கு, மத்தியாஸ் எழுதுவது.

கடிதம் நீண்டுவிடும் என்பதால் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. இந்த நாவலை நான் ஏன் வெறுக்கிறேன்.
2. இதிலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு சொல்கூட உண்மையாக இராது என்பது.
3. நம் ஆட்கள் இங்கே என்ன செய்கிறார்கள்.
4. ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு சிறு காரியம்.

முதலாவது. ‘ஒன்பது ஏரிகளின் வேட்டைக்காரன்’ நாவலை நீ படித்ததில்லை. நீ படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அது கிடையாது. என்னை எட்டு வயதில் ரயிலேற்றி அனுப்பிய பள்ளியில் அதைத்தான் பாடமாக வைத்திருந்தார்கள். நான் ஆங்கிலம் கற்றதே அதில்தான். அவர்கள் ‘செவ்விந்தியர்’ என்கிற மோஹாக் மக்களாகிய நாம் அதில் நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தில் பூண்டோடு அழிந்துவிடுகிறோம். அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பித்ததற்காகப் பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். என்னை நானே கொன்று புதைத்ததற்குப் பதக்கம். பிறகு முப்பது வருடம் ஆசிரியராக இருந்து அதையே நான் பிள்ளைகளுக்கு நடத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். விட்டுவிட்டால் கணக்கு நேர்மையாக இராது.

இரண்டாவது. காட்டுக்குள்ளே கூம்புக் கூடாரம் அடித்திருக்கிறார்கள். நாம் எந்தக் காலத்தில் கூடாரத்தில் இருந்தோம்? சாயம் போட்ட கோழி இறகுகளை ஆளுக்கு ஒரு கூடை செருகுகிறார்கள். மழை பெய்தால் சிவப்பும் மஞ்சளும் முதுகில் வழிகின்றன, நாற்றம் வேறு. ஒரு பெண் ஈரப் பஞ்சோடு வந்து என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “இவர் நிறம் போதாதே” என்றாள். எனக்கும் பழுப்புச் சாயம் பூசினார்கள். அறுபத்தெட்டு வயதில், அக்கா! ‘ஆலோசகர்’ என்றுதான் என்னை அழைத்தார்கள். வந்த இருபது நாளில் ஒருவரும் என்னிடம் ஓர் ஆலோசனையும் கேட்கவில்லை.

மூன்றாவது. நம் ஊர் ஆண்கள் முப்பது பேர் இங்கே தினமும் சாகிறார்கள். நம் பீட்டர் நேற்று ஒரே பாறையிலிருந்து பதினொரு தடவை விழுந்தான். இயக்குநர் பிராண்ட், “சாவு சரியா வரல, இன்னொரு தடவை சாவுப்பா” என்றார். பீட்டர் எழுந்து தூசி தட்டிவிட்டு, “ஐயா, எங்க பாட்டன் ஒரு தடவைதான் செத்தாரு, அதுவும் படுக்கையில. எனக்குப் பழக்கம் இல்ல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்காவது. ஞாயிறன்று பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கதாநாயகன் க்ளிஃபர்ட் ஹேனை நம் இனத்தில் சேர்ப்பதுபோல ஒரு சடங்கு நடத்திப் படம் பிடிக்க வேண்டுமாம். “தலைவரே, அசல் பெயர் ஒண்ணு சொல்லுங்க” என்று எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டுவிட்டார்கள். (நம்மில் வயதானவர் எவரும் இவர்களுக்குத் ‘தலைவர்’தான்.) நான் இப்படி யோசித்தேன்: இட்டுக்கட்டிச் சொன்னால் பொய், உயிரோடிருப்பவர் பெயரைச் சொன்னால் திருட்டு. ஆகவே ஆளில்லாத பெயராகப் பார்த்துச் சொல்வதே குற்றமற்ற வழி. இறந்தவர் பெயர்களை வருடத்தோடு எழுதிவைத்த நோட்டு என்னிடம் உண்டல்லவா? அதில் ‘உரியவர் இல்லை’ என்று குறித்திருந்த நம் மாமாவின் பெயரைச் சொன்னேன். அவர் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. ஹேனின் கையைப் பிடித்து வலமிருந்து இடமாக நடத்தி, அந்தப் பெயரைச் சொல்லி, முறைப்படி மாலை போடுவதுபோல அவர் கழுத்தில் மாட்டினேன். நம் ஆட்கள் பாடினார்கள், சுரத்தில்லாமல்.

சரிதானே? பதில் எழுது.

மத்தியாஸ்

---

ஆற்றங்கரை
ஜூன் 24

மத்தியாஸ்,

பெரிய ஒழுங்குக்காரன் மாதிரி நம்பர் போட்டு எழுதியிருக்கே. அந்த நாலாம் நம்பரைப் படிச்சதும் அடுப்புல சோளச் சூப்பு தீய்ஞ்சதுகூட எனக்குத் தெரியல. ‘சிறு காரியம்’! உன் வாயில மண்ணைப் போட.

ஆளில்லாத பெயர்னு எவன்டா உனக்குச் சொன்னான்? அது கேட்பாரில்லாம தெருவுல கெடந்துச்சா? நம்ம ஓநாய்க் குலத்துப் பெயர் அத்தனையும் பொம்பளைங்க கையில இருக்கு. அம்மா சாகும்போது என்கிட்ட ஒப்படைச்சா. ஒருத்தர் போனா அந்தப் பெயரை எடுத்துப் பத்திரமா வெச்சிருந்து, தகுந்த பிள்ளை பொறந்தா மாட்டுவோம். உன் நோட்டுல எழுதியிருக்கிறது செத்தவங்க பட்டியல். என்கிட்ட இருக்கிறது வரப்போறவங்க பட்டியல். பள்ளிக்கூடத்துல பதினோரு வருசம் இருந்துட்டு வந்தியே, இந்த ஒண்ணைச் சொல்லிக் குடுக்க அங்க யாருமில்ல பாரு.

கேட்டுக்க. மாமா பெயர் ஹேரியட்டோட மகனுக்கு. என் பேரனுக்கு. அவ புருஷன் ஆங்கஸ், பால வேலையில மேலேருந்து விழுந்து செத்தப்ப அவ ஆறு மாசம். அன்னைலேருந்து அவ பேசறது கொறைஞ்சுபோச்சு. பிள்ளை பொறந்த அன்னைக்கு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு: “அம்மா, மாமாத் தாத்தா பெயரை இவனுக்குக் குடுப்பியா?” சரின்னேன். எல்லாப் பொம்பளைங்களும் சரின்னாங்க. பச்சைச் சோளத் திருவிழாவுல மாட்டறதா முடிவு. பாதிரியார் அவனுக்கு ஃப்ரான்சிஸ்னு பெயர் வெச்சுத் தண்ணி தெளிச்சிருக்காரு. அது பதிவேட்டுக்கும் கல்லறைக்கும் ஆகும். மேல இருக்கிறவங்க அவனை எந்தப் பெயரால அடையாளம் காணுவாங்க?

ஒரு பெயருல ரெண்டு பேர் நடக்கக் கூடாது. உனக்கே தெரியும். மூஞ்சியில மாவு பூசின அந்த ஆளு கழுத்துல இருக்கிறவரைக்கும் பிள்ளைக்கு அது கிடையாது.

எப்படி மாட்டினியோ அப்படியே கழட்டு. பாத்தவங்க கண்ணு முன்னாலயே கழட்டு. திருவிழாவுக்கு முன்னாடி.

செசிலியா

---

ஏரிக்கரை முகாம்
ஜூலை 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் செய்தது பெரும் பிழை. மறுக்கவில்லை. ஹேரியட்டின் முகம் கண்முன் வந்து நிற்கிறது.

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. முதலில் பிராண்டிடம் போனேன்.

“ஐயா, அந்தப் பெயர் விஷயம்...”

“தலைவரே, கூடாரம் ஒழுகுதா? தச்சனைப் பாருங்க.”

“கூடாரம் இல்லை ஐயா. ஹேனுக்குக் கொடுத்த பெயர். அது ஒரு குழந்தைக்கு உரியது.”

“அப்போ குழந்தைக்கும் அதையே வையுங்க. எங்க தெருவுல நாலு வில்லியம் இருக்கான், ஒருத்தனும் சண்டை போடல.”

பிறகு ஹேனிடமே போனேன். அவர் கெட்டவர் இல்லை என்றுதான் தோன்றியது. கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தலைவரே! எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாற்காலி முதுகுல எழுதச் சொல்லிட்டேன், பாருங்க” என்றார். பார்த்தேன். மாமாவின் பெயர் தவறான எழுத்துகளில் வெள்ளைச் சாயத்தில் இருந்தது. அதன்மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. “ஒரு உதவி பண்ணுங்களேன்” என்றார். “என் நாய்க்கும் ஒண்ணு குடுங்க. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய். “யோசிக்கிறேன் ஐயா” என்றேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். நான்கு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு மாற்று வழியை மிகுந்த தயக்கத்தோடு உன் முன் வைக்கிறேன். என் நோட்டில் இன்னும் மூன்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று குழந்தைக்கு ஆகாதா?

மத்தியாஸ்

---

ஆற்றங்கரை
ஜூலை 15

மத்தியாஸ்,

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கேன். என் வீட்டுச் சாமானை எனக்கே தூக்கிக் காட்டாதே.

ஹேரியட்டுக்குப் படிச்சுக் காட்டினேன். நாய் சங்கதி வந்ததும் பிள்ளையைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் வந்து சொன்னா: “எம்மவனுக்குப் பெயரே வேணாம். ‘டேய்’னு கூப்பிட்டுக்கறேன்.” மூணு வாரத்துல அவ பேசினதுல அதுதான் நீளம்.

ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். மாமா அஞ்சு நாள் நடந்து உன்னைப் பள்ளிக்கூடத்துல பாக்க வந்தாரு. வாசல்ல நின்னு நம்ம பாஷையில உன்னைக் கூப்பிட்டாரு. பசங்க “யாருடா அந்தக் கிழவன்?”னு கேட்டதுக்கு “தெரியாது”ன்னு சொன்னவன் நீ. அவரு திரும்பி வந்து யார்கிட்டயும் உன்னைப்பத்திக் கொறை சொல்லல. “நல்லாச் சாப்பிட்டு நல்லா இருக்கான்”னாரு. சாகறப்பதான் என்கிட்ட மட்டும் சொன்னாரு.

நீ கழட்டலேன்னா நானே வந்து கழட்டுவேன். வந்தா ஒரு பெயரோட திரும்ப மாட்டேன். உன் கழுத்துல இருக்கிறதையும் சேர்த்துத்தான் எடுத்துட்டு வருவேன்.

செசிலியா

---

ஏரிக்கரை முகாம்
ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நேற்று, சனிக்கிழமை, கழற்றிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஹேன் ஏரியைவிட்டுப் போகும் விடைபெறும் காட்சி. என்னைச் சாயம் பூசி ஒரு கட்டையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் என்னைக் கடந்து போகும்போது எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து, அன்று நடத்திய திசைக்கு எதிர்த்திசையில் நடத்தினேன். நம் மொழியில் சொன்னேன்: “இந்தப் பெயர் ஓநாய்க் குலத்துப் பெண்களுடையது. அறியாமல் உன் கழுத்தில் மாட்டினேன். இப்போது எடுத்துக்கொள்கிறேன். இனி யாராவது இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்க்காதே.” மாமாவின் பெயரையும் உரக்கச் சொன்னேன். அவர் கழுத்தைத் தொட்டு எடுத்து, என் நெஞ்சில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

ஹேனின் கண் கலங்கியிருந்தது. “நன்றி, தலைவரே” என்று தழுதழுத்தார். நடிப்பா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு பிராண்ட் கைதட்டினார். “பிரமாதம்! கேமராவை நிறுத்தாதேன்னு நான்தான் சைகை காட்டினேன். தலைவரே, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்று முதுகில் தட்டினார். படக்காரர்கள் நாற்பது பேரும் கைதட்டினார்கள். கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சாயத்தைக் கழுவினேன். என் வாழ்நாளில் நான் துணிந்து செய்த ஒரே காரியத்தையும் அவர்கள் வேடிக்கையாக்கிவிட்டார்கள்.

ஆனால் கழற்றியது கழற்றியதுதான். குழந்தைக்கு மாட்டலாம்.

மத்தியாஸ்

---

ஆற்றங்கரை
செப்டம்பர் 4

மத்தியாஸ்,

திருவிழா முடிஞ்சுது. பிள்ளைக்குப் பெயர் மாட்டல.

உன் கடுதாசியைப் பொம்பளைங்க முன்னால படிச்சேன். அவங்கள்ல மூத்தவ மடலின் ஒரே கேள்விதான் கேட்டா: “நம்ம ஆளு யார் பாத்தது?” பீட்டரைக் கேட்டோம், நம்ம ஆளுங்க எல்லாரையும் வெள்ளிக்கிழமையே லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்களாம். நீ சனிக்கிழமை செஞ்சிருக்கே.

மாட்டினதை முப்பது பேர் பாத்தாங்க. கழட்டினதை ஒருத்தரும் பாக்கல. “மத்தியாஸ் பொய் சொல்றான்னு நான் சொல்லல”ன்னா மடலின். “ஆனா ஒருத்தன் வாய்ச்சொல்லை நம்பி ஒரு பிள்ளையை ரெண்டாவது ஆளா நடக்கவிட முடியாது.” அவ சொன்னது நியாயம்.

அவங்க போறவரைக்கும் காத்திருந்தியா? நம்ம ஆளுங்க முன்னால தப்பை ஒத்துக்க வெக்கமா?

ஹேரியட் அவனை இப்ப நெஜமாவே ‘டேய்’னுதான் கூப்பிடறா.

செசிலியா

---

நகரம், ஹில் தெரு
ஜனவரி 8, 1936

அன்புள்ள அக்கா,

நான்கு மாதமாக எழுதவில்லை. எழுத முகமில்லை.

ஆம், காத்திருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு வேறு பதில் கிடையாது. வெள்ளிக்கிழமை லாரி வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர் கண் முன்னாலேயே கழற்று என்று நீ எழுதியிருந்தாய். அதில் பாதியைத்தான் செய்தேன்.

படம் வெளிவந்துவிட்டது. என் அறைக்கு எதிர்ச்சுவரில் ஹேனின் முகம், ஒரு மாடி உயரத்துக்கு. அதன் கீழே இறகு வைத்த கும்பல் ஒன்று மண்டியிட்டிருக்கிறது. ஒவ்வொரு காலையும் அதைக் கடந்துதான் ரொட்டிக்கடைக்குப் போகிறேன். நேற்று கடைக்காரர், “அந்தப் படத்துல நீங்க உண்டாமே? உங்க ஜனங்க அழிஞ்சுபோற எடத்துல என் சம்சாரம் ஒரே அழுகை” என்றார். நான் அவர் எதிரில் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன், அக்கா.

நான் பார்க்கப்போவதில்லை. நீங்களும் போக வேண்டாம். சேற்றில் காலை விட்டுவிட்டுக் கழுவிக்கொண்டிருப்பானேன்? அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

மத்தியாஸ்

---

ஆற்றங்கரை
ஜனவரி 20

டேய் மத்தியாஸ்,

நீ வேணாம்னதும் எல்லாரும் கெளம்பிட்டோம்! பாலத்துக்கு இந்தப் பக்கம் டவுன் கொட்டகையில ஓடுது. பீட்டர்தான் “நான் சாவறதை எல்லாரும் வந்து பாக்கணும்”னு ஒத்தக்கால்ல நின்னான். நானு, ஹேரியட், பிள்ளை, மடலின், இன்னும் ஆறு பொம்பளைங்க. ஓரத்து வரிசையில ஒதுக்கி உக்காரவெச்சாங்க, எப்பவும்போல.

அசிங்கம்டா. நீ எழுதினது கொஞ்சம்தான். நம்ம பெருந்தலைவர் வேஷத்துல வந்தவன் எவனோ தடியன், மூக்குல சாயம் உருகுது. நம்ம ஆளுங்களை நம்ம பாஷையில ஏதாச்சும் பேசுங்கன்னு விட்டிருக்காங்க. கோடாலியைத் தூக்கிக்கிட்டு அந்தச் சின்ன லூயி உறுமறான் பாரு, “என் கால்சட்டை அவுருது, யாராச்சும் பிடிங்க”ன்னு. நாங்க சிரிச்ச சிரிப்புல முன் வரிசை வெள்ளைக்காரி திரும்பி மொறைச்சா.

அப்புறம் நீ வந்த. சேத்துல விழுந்த கோழி மாதிரி ஒரு கட்டைமேல உக்காந்திருந்த. எந்திரிச்ச. அவன் கையைப் பிடிச்ச.

சிரிப்பு நின்னுபோச்சு. நீ பேசினது அத்தனையும் அப்படியே இருக்குடா. ஒரு வார்த்தையை வெட்டல. என்ன சொன்னேன்னு அவங்களுக்கு எங்க புரியப்போகுது! நீ முடிச்சதும், அப்புறமா எடுத்து ஒட்டின வழிகாட்டி ஒருத்தன் நீ சொன்னதை விளக்கற மாதிரி இங்கிலீஷ்ல சொல்றான்: “எங்கள் காலம் முடிந்தது, இந்தக் காடு முழுவதையும் உனக்கே தருகிறேன் என்கிறார் தலைவர்.” த்தூ! அவன் பெயரை நீ பிடுங்கறே, அவங்க நம்ம காட்டை எழுதிக்கிறாங்க. கொட்டகை பூரா மூக்கை உறிஞ்சுது.

மடலின் எந்திரிச்சு நின்னுட்டா. “உக்காரும்மா, மறைக்குது”ன்னு பின்னாலேருந்து ஒருத்தன். இவ திரும்பி, “நீ சும்மா இருடா, இது எங்க வீட்டு விவகாரம்”னா. டிக்கெட் கிழிக்கிறவன் ஓடிவந்தான். “பாட்டி, படம் பிடிக்கலைன்னா வெளிய போங்க.” “பிடிச்சிருக்கு. இதையே இன்னொரு தடவை போடு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, சாட்சி சொல்லணும்”னா. அவனுக்கு ஒண்ணும் புரியல. அடுத்த ஆட்டத்துக்கும் உக்காந்தோம். மறுபடியும் அந்தச் சாக்கடையெல்லாம் தாண்டி உன் எடத்துக்கு வந்து சேந்தோம். திசை சரியா மாறியிருக்கான்னு பாத்தா. கழுத்தைத் தொட்டியான்னு பாத்தா. அப்புறம் ஹேரியட் பக்கம் திரும்பி, “கழட்டிட்டான்”னா.

ஹேரியட் பிள்ளை காதுல என்னமோ சொன்னா. என்னன்னு நான் கேக்கல.

அமாவாசை கழிஞ்சு அஞ்சாம் நாள் நடுக்குளிர்காலத் திருவிழா. அன்னைக்கு மாட்டறோம். பிள்ளையைக் கையில ஏந்தி நடத்திக்கிட்டுப் போக மாமன் முறையில ஒரு ஆம்பளை வேணும். ஹேரியட்டுக்கு அண்ணன் தம்பி யாருமில்ல. “மத்தியாஸ் மாமா வரட்டும்”னு சொல்றா. இந்தத் தடவை எல்லாரும் பாப்பாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு லாரி போறவரைக்கும் நிக்காதே.

செசிலியா

---

நகரம், ஹில் தெரு
ஜனவரி 23

அன்புள்ள அக்கா,

வருகிறேன். திங்கட்கிழமை ரயில். குழந்தையை நழுவவிட்டுவிடுவேனோ என்று இப்போதே பயம். ஹேரியட்டிடம் சொல், அரிசி மூட்டையைத் தூக்கித் தினமும் அறைக்குள் நடந்து பழகுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே கொட்டகைக்குப் போனேன். அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. இறகும் சாயமும் என் காலத்தில் அழியாது. நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தை அவர்கள் இன்னும் நூறு ஊர்களில் காட்டுவார்கள், நூறு ரொட்டிக்கடைக்காரர்களின் மனைவிகள் அழுவார்கள். அதையெல்லாம்பற்றி ஜூன் மாதம் எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றப்போவதில்லை.

ஆனால் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்ததிலிருந்து மறுபடி உட்காரும்வரை நாற்பத்திரண்டு விநாடி. இரண்டாம் முறையும் அளந்தேன், அதேதான்.

ஆகவே அன்று இரண்டாவதாக, ‘ஒரு சொல்கூட உண்மையாக இராது’ என்று எழுதியது தவறு.

மத்தியாஸ்